இருபத்தோரு புள்ளிக் கஷ்டம்

"எத்தனை பேர் வந்திருக்காங்க?"

"ஒருத்தர், சார்."

"போதும். கூட்டம் நடத்தணும்னுதான் சட்டத்துல இருக்கு. எத்தனை பேர் வரணும்னு இல்ல."

இப்படிச் சொன்னவர் டாக்டர் டிபெட்ஸ். ஊசி போடுகிற டாக்டர் அல்ல; பள்ளிக்கூட நிர்வாகத்தில் பட்டம் வாங்கிய டாக்டர். எங்கள் கவுண்டியில் (அமெரிக்காவில் மாவட்டத்துக்கு அப்படிப் பெயர்) ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கிற நான்கு பள்ளிகளுக்கும் வாஷிங்டனிலிருந்து வருகிற உதவிக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். "ஒருத்தர், சார்" என்றவர் ஹார்மன் ஸ்பிரிங்ஸ் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை திருமதி ஹார்கிஸ். அந்த ஒருத்தர், கோழி ஆலையில் எலும்பு எடுக்கிற வரிசையில் நிற்கும் லோனி ப்ரூயிட்.

லோனி கூட்டத்துக்கு என்று வந்தவன் அல்ல. மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவன் மகள் மேரிபெத்துக்கு இன்னும் வாசிக்க வரவில்லை. மே மாதத் தேர்வில் தேறாவிட்டால் மறுபடி அதே வகுப்பு. வாசிப்பு டீச்சர் மிஸ் ஒலேட்டாவின் மேசையில் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. அந்த மேசையில் அவளுக்கு ஓர் இடம் கேட்க வந்தான். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில், "உங்கள் குழந்தையின் முன்னேற்றம் பற்றிப் பேச வாருங்கள்" என்று இருந்தது. நம்பிவிட்டான்.

சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஐம்பத்தொன்பது காலி. திரையில் நாற்பத்தோரு படங்களைக் காட்டி டாக்டர் டிபெட்ஸ் சட்டத்தை விளக்கினார். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு, மூலையில் நின்ற ஒரு பெண் அதையே மார்ஷல் தீவு மொழியில் காலி நாற்காலிகளுக்குச் சொன்னார். ஆலையில் பாதிப் பேர் அந்தத் தீவுக்காரர்கள் என்பதால் மொழிபெயர்ப்பாளர் இருந்தாக வேண்டும் என்பது விதி.

பன்னிரண்டாவது படத்தில் லோனி கையைத் தூக்கினான்.

"சார், என் பொண்ணு விஷயமா..."

"மிஸ்டர் ப்ரூயிட், ரொம்ப நல்லது. இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டிருந்தோம். ஹார்கிஸ், எழுதிக்குங்க: பெற்றோர் கேள்வி எழுப்பினார்."

"கேள்வி இன்னும் கேக்கலையே சார்."

"அது தனிப்பட்ட விஷயம். இது வருடாந்திரப் பொதுக் கூட்டம். தனிப்பட்ட விஷயத்துக்குத் தனிக் கூட்டம் இருக்கு. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டான். பிறகு அவனை முன்வரிசையில் ஒரு தடவை, நடுவரிசையில் ஒரு தடவை, கதவருகே ஒரு தடவை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். போகிறபோது, நாற்பது பேருக்கு வாங்கிய பிஸ்கட்டில் இரண்டை மகளுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"கூட்டத்துக்கு வந்தவங்களுக்குத்தான் சிற்றுண்டி. வெளியே போனா அது அன்பளிப்பு ஆயிடும்," என்றார் டாக்டர். "இங்கேயே நின்னு எவ்வளவு வேணா சாப்பிடுங்க."

அன்று அவன் ஆலைக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் போனான். அங்கே ஒரு கணக்கு உண்டு. தாமதத்துக்கு அரைப் புள்ளி, வராமல் நின்றால் ஒரு புள்ளி, பத்துப் புள்ளி சேர்ந்தால் வெளியே. மேற்பார்வையாளர் கார்லைல் நல்ல மனிதர். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டுதான் புள்ளி போடுவார்.

"எங்க போயிருந்த?" என்று பக்கத்தில் நிற்கிற ஹெர்மோன் கேட்டான். அவன் மார்ஷல் தீவுக்காரன், ஐந்து பிள்ளை பெற்றவன்.

"பள்ளிக்கூடக் கூட்டம். உங்க மொழியில எல்லாத்தையும் அழகா சொன்னாங்க. நீதான் வரல."

"எங்களுக்கு எங்க தெரியும்? கடுதாசி வந்துச்சு. முழுக்க இங்கிலீஷ். 'உங்கள் மொழியில் விளக்கப்படும்'னு அதுல எழுதியிருந்துச்சாம், வேலைக்குக் கிளம்பறப்பதான் என் பொண்ணு படிச்சுச் சொன்னா."

அக்டோபரில் தனிக் கூட்டம் வந்தது. அதுவும் மாலை மூன்று மணிக்கு. "பெற்றோருக்கு வசதியான நேரம் எது?" என்று பள்ளி ஓர் ஆய்வு நடத்தியிருந்தது, வந்த பதில்கள் இரண்டு, இரண்டுமே ஆசிரியர்கள் எழுதியவை. லோனியின் வேலை மூன்றரைக்கு ஆரம்பம்.

இந்தக் கூட்டத்தில் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே ஓர் ஒப்பந்தத்தைப் பெற்றோர் அனைவரும் கூடி எழுத வேண்டும். எழுதி அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

"மூணாவது வரியைப் பாருங்க," என்றார் திருமதி ஹார்கிஸ். "'தினமும் இரவு இருபது நிமிடம் என் குழந்தையோடு வாசிப்பேன்.' சரிதானே?"

"மேடம், நான் வீட்டுக்கு வர ராத்திரி ஒரு மணி ஆகும். அவ பக்கத்து வீட்டுல தூங்கிட்டிருப்பா. பொண்டாட்டி வெளியூர்ல முதியோர் இல்லத்துல வேலை பாக்கறா, சனி ஞாயிறுதான் வருவா."

"ராத்திரின்னுதான் போட்டிருக்கு. ராத்திரியில எந்த நேரம்னு நாங்க தலையிடல."

"அந்த வரியை எடுத்துட முடியாதா?"

"நீங்க எல்லாரும் கூடி எழுதினது மிஸ்டர் ப்ரூயிட். ஒருத்தருக்காக மாத்தினா மத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் டாக்டர்.

லோனி திரும்பி மற்றவர்களைப் பார்த்தான். நாற்காலிகள் எதுவும் நினைத்த மாதிரித் தெரியவில்லை. ஒப்பந்தம் ஒருமனதாக நிறைவேறியது. அதே மூச்சில் அவனைப் பெற்றோர் ஆலோசனைக் குழுவின் தலைவராகவும் தேவை மதிப்பீட்டுக் குழுவின் உறுப்பினராகவும் ஆக்கினார்கள். அவனை முன்மொழியவும் வழிமொழியவும் வேறு பெற்றோர் இல்லாததால் இரண்டையும் அவனே செய்தான்.

"என் பொண்ணு விஷயம் சார்?"

"எழுதிக்குங்க ஹார்கிஸ். தலைவர் வாசிப்பு உதவி குறித்துத் தொடர்ந்து அக்கறை தெரிவித்தார்."

நவம்பரில் மிஸ் ஒலேட்டா தானாகவே மேரிபெத்தைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் பதினான்கு சொல். ஒலேட்டா அறுபது வயதைத் தாண்டியவர், முப்பது வருடமாக அதே அறையில் இருக்கிறவர். மதிய இடைவேளையில் லோனியை அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய மேசை அரைவட்டமாக இருக்கும். உள்வளைவில் அவர், வெளிவளைவில் ஆறு நாற்காலி. மேசைக்கும் ஒவ்வொரு நாற்காலிக்கும் அடியில் ஓர் ஒட்டுத்தாள்: "மத்திய உதவியில் வாங்கியது. பட்டியலில் உள்ள மாணவருக்கு மட்டும்."

"பத்து மணிக் குழுவுல ஒரு நாற்காலி காலியாத்தான் இருக்கு, லோனி," என்றார் ஒலேட்டா. "அந்தப் பையன் குடும்பம் மிசௌரிக்குப் போயிடுச்சு."

"அப்போ நாளைக்கே அனுப்பட்டுமா, மிஸ் ஒலேட்டா?"

"பட்டியல்ல இல்லாத பிள்ளை அதுல உக்காந்தா, நான் மத்திய அரசு நாற்காலியைத் தவறாப் பயன்படுத்தினதா ஆகும். போன வருஷம் தீ ஒத்திகையில, பட்டியல்ல இல்லாத ரெண்டு பிள்ளைங்க கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனேன். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் எந்தக் கணக்குல வரும்னு இன்னும் எனக்குக் கடுதாசி வந்துக்கிட்டிருக்கு."

"நின்னுக்கிட்டே படிச்சா?"

"என் வாயும் அவங்க காசுலதான் ஓடுது. மூணு மணி வரைக்கும்."

"மூணு மணிக்கு மேல?"

"அதுக்கு மேல நான் பஸ் ஓட்டறேன். டிரைவர் கிடைக்கல."

பட்டியல் ஜனவரியில் திருத்தப்படும் என்றார்கள். அதுவரை லோனி எந்தக் கூட்டத்தையும் விடவில்லை. வராமல் இருந்தால் மகளுக்குக் கிடைக்காது என்று அவன் நினைத்தான். யாரும் அப்படிச் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கூட்டம் நீண்ட ஒரு நாள் ஆலைக்கே போகவில்லை. இன்னொரு நாள் அவன் ஆலையிலிருந்து வர முடியாது என்று சொன்னபோது, டாக்டர் டிபெட்ஸே கையெழுத்துத் தாளோடு ஆலையின் வாகன நிறுத்தத்துக்கு வந்துவிட்டார். சட்டத்தில் "வசதியான இடம்" என்றும் இருக்கிறதாம். தலையில் வலைத்தொப்பியும் காலில் ரப்பர் பூட்ஸுமாக லோனி நிற்க, காரின் முன்மூடி மீது கணினியை வைத்துப் பதினெட்டுப் படம் காட்டினார். மொழிபெயர்ப்பாளர் பெண்ணும் வந்திருந்தார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தீவுக்காரர்கள் இருபது பேர், தங்கள் மொழி காதில் விழுந்து ஆச்சரியத்தோடு நின்றார்கள். டாக்டருக்கும் ஆச்சரியம். ஆனால் கையெழுத்துத் தாளில் ஒரு வரிதான் மிச்சம் இருந்தது.

"எங்க மொழியில கூட்டம் போட்டுட்டு, எங்களுக்குத் தாள்ல இடமில்லைங்கறார்," என்றான் ஹெர்மோன். அன்று அவர்கள் எல்லோருக்கும் அரைப் புள்ளி.

ஜனவரிக் கூட்டத்தில் பட்டியலை மேசையில் வைத்தார்கள். அதில் பெயர்கள் இல்லை, எண்கள்தாம்.

"பிள்ளைங்க அந்தரங்கத்தைக் காப்பாத்தணும்," என்றார் டாக்டர். "கஷ்டத்துக்கு மொத்தம் முப்பது புள்ளி. வாசிப்புல பின்தங்கினதுக்குப் பன்னிரண்டு, வகுப்பாசிரியர் மதிப்பீடு எட்டு, வீட்டு நிலைமை பத்து. இருபத்தோரு புள்ளி எடுத்தா மேசையில இடம். அதுக்குக் கீழே உள்ளவங்களைப் பட்டியல்லேருந்து எடுக்கணும். குழுத் தலைவர் ஒப்புதல் வேணும்."

லோனி எண்களைப் பார்த்தான். கோட்டுக்குக் கீழே முதலாவதாக நின்றது நூற்றுப் பதினேழு: இருபது புள்ளி.

"இந்தப் பிள்ளைக்கு ஒரு புள்ளிதானே குறையுது. பாவம்," என்றான்.

"உங்க மனசு புரியுது. ஆனா கோடுன்னா கோடுதான். நாளைக்கு ஒருத்தர் இருபதுக்கு இரங்கினா, நாளன்னைக்குப் பத்தொன்பது வந்து நிக்கும்."

அது நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட்டான்.

இரண்டு நாள் கழித்துத் தபாலில் கடிதம் வந்தது. "தங்கள் குழந்தை (எண் 117) வாசிப்பு உதவிக்குத் தகுதி பெறவில்லை. இம்முடிவு பெற்றோரின் முழுப் பங்கேற்புடன் எடுக்கப்பட்டது."

அவன் டாக்டரின் அலுவலகத்துக்குப் போனான். அதுவரை அவன் அந்த அலுவலகத்தில் குரலை உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. கடிதத்தை மேசைமேல் வைத்தான்.

"எதுல சார் குறைஞ்சுது?"

டாக்டர் கோப்பைத் திறந்தார். "வாசிப்பு, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பிரமாதம். ஆசிரியர் மதிப்பீடு, எட்டுக்கு எட்டு. உங்க பொண்ணு இதுவரைக்கும் முழு மதிப்பெண் மிஸ்டர் ப்ரூயிட். வீட்டு நிலைமையிலதான் கோட்டை விட்டுட்டீங்க. தங்க வீடில்லாம இருந்தா நாலு, வீடு இருக்கு. கூடவே இருக்கிற பெற்றோருக்கு வேலை இல்லைன்னா மூணு, வேலை இருக்கு. பெற்றோர் பள்ளிப் பக்கமே வராம இருந்தா மூணு." நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பதினோரு கூட்டம் வந்திருக்கீங்க. கவுண்டியிலேயே அதிகம்."

"நான் அவளுக்கு இடம் கேக்கத்தானே வந்தேன்."

"அதான் சொல்றேன். இவ்வளவு அக்கறையுள்ள அப்பா இருக்கிற குழந்தையைப் போய் ஆதரவில்லாத குழந்தைன்னு எப்படி எழுதறது? வாஷிங்டன் சிரிக்கும்."

"இனிமே வரல."

"பதிவானது பதிவானதுதான். அதோட, நீங்க வரலைன்னா பெற்றோர் பங்கேற்பு பூஜ்யம் ஆயிடும். அப்புறம் உதவியை நிறுத்துவாங்க. முதல்ல போறது ஒலேட்டா வேலை. மேசையே போயிடும். இருபத்துமூணு பிள்ளைங்களுக்கு." குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு அது வேணுமா?"

லோனி கடிதத்தை மடித்துப் பையில் வைத்தான்.

"கார்ல படுத்துக்கிட்டா சார்? நானும் அவளும்?"

டாக்டர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அவர் கேலி செய்யவில்லை. "கார்னா நாலு புள்ளி. ஆனா வீடு போனதால படுத்திருக்கணும். வீடு இருந்தும் படுத்தா அது சுற்றுலா."

பிப்ரவரியில் மாநிலத் தலைநகரிலிருந்து கண்காணிப்பாளர் திருமதி கின்னர்ட் வந்தார். நூலகத்தில் பதினாறு கோப்புகளை அடுக்கியிருந்தார்கள். திருமதி ஹார்கிஸ், "வகுப்புகளைப் பார்க்கறீங்களா?" என்று மரியாதைக்குக் கேட்டார்.

"நேரமில்லை," என்றார் கின்னர்ட். "நாங்க குழந்தைகளைப் பார்க்க வரல. குழந்தைகளைப் பார்த்ததுக்கு ஆதாரம் இருக்கான்னு பார்க்க வந்திருக்கோம். குழந்தைங்க நாளைக்கு மாறிடுவாங்க. ஆதாரம் ஏழு வருஷம் இருக்கணும்."

பெற்றோரைப் பேட்டி காண்பது விதி. லோனி உட்கார்ந்தான். அன்று அவன் எல்லாவற்றையும் சொன்னான்: நாற்பத்தோரு படம், ராத்திரி ஒரு மணி ஒப்பந்தம், நூற்றுப் பதினேழு, காலியாக இருக்கிற நாற்காலி, ஆலையில் தனக்கு எட்டரைப் புள்ளி ஆகிவிட்டது. கின்னர்ட் இடைமறிக்காமல் எழுதினார். இவ்வளவு கவனமாக யாரும் அவன் சொல்வதைக் கேட்டதில்லை. வெளியே வந்து, "ஒருத்தராவது புரிஞ்சுக்கிட்டாங்க," என்று மிஸ் ஒலேட்டாவிடம் சொன்னான்.

"நல்லா கேட்டாங்களா?"

"ஒவ்வொரு வார்த்தையும் எழுதினாங்க."

"எழுதிட்டாங்களா," என்றார் ஒலேட்டா. "அப்போ முடிஞ்சுது."

அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. பாராட்டு ஒன்று: பெற்றோர் தங்கள் குறைகளை அச்சமின்றி விரிவாகச் சொல்லும் சூழல் இப்பள்ளியில் நிலவுகிறது. குறை ஒன்று: மத்திய உதவியில் வாங்கிய நாற்காலிகளில் ஒன்று பயன்படாமல் இருக்கிறது, முப்பது நாளுக்குள் சரிசெய்ய வேண்டும்.

பள்ளி ஒரே நாளில் சரிசெய்தது. நாற்காலியைக் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள். மேசையில் இப்போது ஐந்து நாற்காலி, ஐந்து பிள்ளை. டாக்டர் டிபெட்ஸ் ஊழியர் கூட்டத்தில் பேசினார்: "நம்ம பள்ளியில இன்னைக்கு ஒரு காலி இடம்கூட இல்லைன்னு பெருமையாச் சொல்றேன். ஒரு குழந்தையும் கைவிடப்படல. கைவிடப்பட்டா நமக்குக் கடிதம் வந்திருக்கும்."

அந்தப் பேச்சுக்குத் தலைவர் என்ற முறையில் லோனியும் வந்து கைதட்ட வேண்டியிருந்தது. ஆலையில் புள்ளி ஒன்பது ஆயிற்று. அதற்கடுத்த வாரம் அறிக்கைக்கு நன்றி சொல்லும் கூட்டம். அவன் ஆலையில் முன்கூட்டியே அனுமதி கேட்டான். கார்லைல் முகம் வருத்தமாகிவிட்டது.

"கூட்டத்துக்கு லீவு தர விதி இல்லையேப்பா. சாவுக்கு இருக்கு, கோர்ட்டுக்கு இருக்கு. யாராவது செத்தாங்களா?"

"இல்லைங்க."

"யோசிச்சுப் பாரு. தூரத்துச் சொந்தம்?"

லோனிக்குப் பொய் சொல்ல வரவில்லை. பத்து ஆயிற்று. மார்ச் பதினான்காம் தேதி வலைத்தொப்பியையும் பூட்ஸையும் திருப்பிக் கொடுத்தான்.

அடுத்த திங்கட்கிழமை டாக்டர் டிபெட்ஸே தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"மிஸ்டர் ப்ரூயிட், விஷயம் கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். கூடவே இருக்கிற பெற்றோருக்கு வேலை இல்ல, மூணு புள்ளி. மொத்தம் இருபத்துமூணு. நாளைக்கே மேரிபெத்தை அனுப்புங்க. கிடங்குலேருந்து நாற்காலியை எடுக்கச் சொல்லிட்டேன். பாத்தீங்களா, நடைமுறை வேலை செய்யும்னு நான் எப்பவும் சொல்வேன்ல."

"நன்றி சார்," என்றான் லோனி.

"ஒண்ணே ஒண்ணு. வேலை இல்லைங்கிற அத்தாட்சியை வாராவாரம் கொண்டுவந்து தரணும். நிலைமை மேம்பட்டா மறுநாளே புள்ளி போயிடும். மேம்படாமப் பாத்துக்குங்கன்னு நான் சொல்லக் கூடாது. சட்டம் அனுமதிக்கல."

மேரிபெத் மேசையில் உட்கார்ந்தாள். முதல் வாரம் நிமிடத்துக்குப் பதினாறு சொல். இரண்டாவது வாரம் இருபத்திரண்டு. வெள்ளிக்கிழமை அத்தாட்சி கொடுக்கப் போன லோனியை மிஸ் ஒலேட்டா வாசலில் நிறுத்தினார்.

"உன் பொண்ணு முட்டாள் இல்ல, லோனி. அவளுக்கு எழுத்து தெரியும். சேக்கத்தான் தெரியல. எட்டு வாரம் கொடுத்தா ஓட விட்டுடுவேன். செப்டம்பர்லயே கொடுத்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "மே பத்தாம் தேதித் தேர்வுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அஞ்சுல எவ்வளவு முடியுமோ பாக்கறேன்."

அடுத்த வாரம் கார்லைல் கூப்பிட்டார். சமையலறை மேசையில் மேரிபெத் ஒலேட்டா கொடுத்தனுப்பிய சிறு புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒரு வரியில் விரலை ஊன்றி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். லோனி தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"லோனி, வரிசையில ஆள் போதல. மேலே பேசிட்டேன். உன் பத்துப் புள்ளியையும் அழிச்சுடறாங்க. திங்கட்கிழமை வந்துடு."

"ரொம்ப நன்றிங்க. மே பத்தாம் தேதிக்கு மேல வரட்டுமா?"

"மேயா? அதுவரைக்கும் யாரு இடத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா? உனக்கு வாடகை கட்ட வேணாமா?"

"கட்டணும்ங்க. ரெண்டு மாசமாக் கட்டல."

"அப்புறம் என்ன? உடம்பு சரியில்லையா?"

"அப்பா," என்றாள் மேரிபெத் தலை தூக்காமலேயே, "இரு, சொல்லிடாத, நானே படிக்கறேன்."

லோனி குரலைத் தாழ்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"உடம்பெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. நான் கஷ்டத்துல இருக்கேன். மே பத்து வரைக்கும் இருந்தாகணும்."